கவுத்து வெச்ச வளையம்

வாங்க கண்ணுங்களா, கிட்ட வாங்க. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாங்க. இன்றைக்குக் கதை நடுவில் யாரும் எழுந்து போக முடியாது. பயந்த சுபாவக்காரங்க பக்கத்தில் இருக்கிறவங்க கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டு முடிக்கிறவரைக்கும் விட வேண்டாம்.

சிந்தாமணியை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் முதல் தடவையாக வந்து உட்காருகிறவங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில், ரயிலடிக்குப் பின்பக்கம், வீட்டோடு ஒட்டிய பீங்கான் கொட்டகை. புருஷன் விருத்தகிரி அகல்விளக்கும் பொம்மையும் அச்சில் வார்ப்பார். சிந்தாமணி சூளையிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடுக்குவாள். அவள் தம்பி விமல்ராஜ் மெக்கானிக்கு. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில்தான் சாப்பாடு, அக்கா வீட்டில்தான் திட்டு.

சரக்குக் கொண்டுபோக அந்த வீட்டில் ஒரு குட்டி மொபெட்டு. சக்கரம் இரண்டும் மாவு சலிக்கிற சல்லடை அளவு. கூடைகளைக் கட்டிக்கொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். விருத்தகிரி இறங்கித் தள்ளுவார். போன கார்த்திகைக்கு அப்படித் தள்ளித் தள்ளி மங்கலம்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள், கடைக்காரர் வேறு ஆளிடம் விளக்கு வாங்கி அடுக்கிவிட்டார். போன கூடை போன மாதிரியே திரும்பி வந்தது.

"இந்த வருசம் அப்படி ஆவாது மாமா" என்றான் விமல்ராஜ். எங்கேயோ அடிபட்டு நசுங்கிப்போன ஒரு பெரிய பைக்கின் இன்ஜினைக் காயலான் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். குட்டி வண்டியின் சட்டத்தை அறுத்தான், வெல்டிங் வைத்தான், இருக்கிற இடத்தில் இல்லாத இடத்தை உண்டாக்கி அந்த இன்ஜினை உள்ளே திணித்தான்.

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"சுண்டெலி மேல பிள்ளையாரு ஒக்காரலாம், அது தாங்கும்" என்றாள் சிந்தாமணி. "பிள்ளையாரத் தூக்கி சுண்டெலி வயித்துக்குள்ள வெச்சா தாங்குமாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். 

இன்ஜின் சட்டத்தில் உட்காருகிற இடத்தில் நாலு ரப்பர் வளையம் போடுவார்கள், அதிர்வு தாங்குவதற்காக. மெக்கானிக்குங்க பேச்சில் அதற்குப் புஷ் என்று பெயர். இடம் போதாமல் நெருக்கி வைத்ததில் சைலன்சர் சூடு பட்டு அந்த ரப்பர் உருகிப்போனது. மாற்றிப் போட்டான். அதுவும் உருகியது. அப்போதுதான் விருத்தகிரிக்கு அந்த யோசனை வந்தது.

"ரப்பர் உருகும். நம்ம பீங்கான் உருகுமா? கரண்டு கம்பத்த அண்ணாந்து பாரு மாப்ள. வெயிலு, மழ, புயலு எல்லாத்தையும் பாத்துட்டு, அம்மாம் பெரிய கம்பிய தாங்கிக்கிட்டு நிக்கிறது என்னா? பீங்கான்தான?"

"மாமா, அது நிக்கிற வேல. இது குதிக்கிற வேல."

"உன் இன்ஜினப் பத்தி நான் வாயத் தொறந்தேனா? என் சூளையப் பத்தி நீ பேசாத."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒருத்தர் வேலையில் ஒருத்தர் தலையிடுவதில்லை என்று இரண்டு ஆம்பிளைகளும் மரியாதை காத்தார்கள். அந்த மரியாதைதான், கண்ணுங்களா, இன்றைக்கு வினையாக வந்து நின்றது.

கம்பத்துப் பீங்கான் போடுகிற மண்ணைக் குழைத்து, நடுவில் துளை விட்டு, உளுந்து வடை மாதிரி ஆறு வளையம் வார்த்தார் விருத்தகிரி. கடைசியாகச் சுட்ட அகல்விளக்குகளோடு அதுவும் சூளைக்குள் போய் வெந்தது. இது வரைக்கும் போன வாரத்துக் கதை.

விடிந்தது. கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின வாரம்.

சிந்தாமணி அடுப்படியில் இருந்தாள். கொட்டகையிலிருந்து விமல்ராஜ் குரல் கொடுத்தான்.

"யக்கா, வளையமெல்லாம் எங்க?"

"சூளை ரூம்புல, பலகை மேல இருக்குது. நேத்து சாயங்காலமே எறக்கிட்டேன். ஒண்ணு கெட்டது. அத கவுத்து வெச்சிருக்கேன். அத வுட்டுட்டு நாலு எடுத்துக்க."

"சரிக்கா."

தோசையைத் திருப்பினாள். அவ்வளவுதான் பேச்சு.

தோசை சுட்டு முடிவதற்குள் நாலு வளையத்தையும் பொருத்தி முறுக்கிவிட்டான். வண்டிக்கு இரண்டு பக்கமும் கூடை, வைக்கோல் வைத்து அணைத்த விளக்குகள். எல்லாம் கட்டி முடிக்கிறதுக்குள் வெயில் ஏறிவிட்டது. விமல்ராஜ் முன்னால் ஏறினான். நடுவில் ஒரு சின்னக் கூடை. பின்னால் விருத்தகிரி, முழங்கால் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி மடங்கி உட்கார்ந்தார்.

சிந்தாமணி வாசலுக்கு வந்து பார்த்தாள். பொறந்த வீடு முன்னால், புகுந்த வீடு பின்னால். அவளுக்கு இந்த உலகத்தில் இருக்கிறது எல்லாம் அந்த ஒரே சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, நீங்க பஸ்ஸுல வரக்கூடாதா?"

"பஸ்ஸுல போறதுக்கா இன்ஜின் மாத்துனோம்?"

"பிரேக்கு எப்படிடா?"

"அது பழைய பிரேக்குதான்க்கா" என்றான் விமல்ராஜ். "பதமா புடிச்சா பூ மாதிரி நிக்கும். திடீர்னு அழுத்துனாத்தான் இன்ஜின் முன்னால பாயப் பாக்குது. நான் என்னா சின்னப் புள்ளயா?"

"நீ சின்னப் புள்ளயா இருந்தா கட்டிப் போட்டிருப்பேன்."

அவன் உதைத்தான். ஒரே உதை. அந்தக் குட்டி வண்டியின் வயிற்றிலிருந்து எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு ஓட்டில் இருந்த காக்கை பறந்தது. வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அந்தச் சத்தம் அவள் காதில் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

'ஆழத்துப் பிள்ளையாரே, நீதான் பின்னாலயே போவணும்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சூளை ரூம்பில் மிச்ச விளக்குகள் கிடந்தன. உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினாள். கிண். நிமிர்த்தி வைத்தாள். அடுத்தது, கிண். நிமிர்த்தி வைத்தாள். அடுத்தது, டொக். உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதைக் கவிழ்த்து வைத்தாள்.

கை அப்படியே நின்றது.

அந்த வீட்டுப் பழக்கம் அது. நல்ல சரக்கு வாய் மேலே பார்த்திருக்கும். கெட்டது வாய் கீழே. எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். கவிழ்ந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள். விளக்கைக் கவிழ்க்கலாம். பொம்மையைக் கவிழ்க்கலாம். சட்டியைக் கவிழ்க்கலாம்.

வளையத்தை எப்படிக் கவிழ்ப்பது?

வடை மாதிரி வளையம். நடுவில் துளை. அதற்கு வாய் எது, அடி எது? நேற்று சாயங்காலம் டொக்கென்று சொன்ன அந்த ஒன்றை, கை பழக்கத்தில் திருப்பி, மற்றதுங்களோடு அதே பலகையில் வைத்தாள். திருப்பினது அவள் கைக்குத் தெரியும். பலகையைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

எழுந்தாள். பலகையில் இரண்டு வளையம் மிச்சம் இருந்தது. அதில் ஒன்று கெட்டதாக இருந்துவிட்டால் போதும். இத்தனை நாள் வாழ்க்கையில் ஒரு பீங்கான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவள் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதல் வளையத்தை எடுத்துத் தட்டினாள்.

கிண்.

இரண்டாவதை எடுத்தாள்.  தட்ட மனசு வரவில்லை. தட்டினாள்.

கிண்.

கோயில் மணி மாதிரி சுத்தமான சத்தம். 

கெட்டது அங்கே போயிருக்கிறது. இன்ஜினுக்கு அடியில். அவள் புருஷனுக்கும் தம்பிக்கும் அடியில்.

செருப்பைத் தேடவில்லை. தெருமுனைக் கடையின் ஒரு ரூபாய் போனுக்கு ஓடினாள். விமல்ராஜிடம் செல்போன் உண்டு. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த இன்ஜின் போடுகிற சத்தத்தில் தலைக்கு மேல் இடி விழுந்தாலும் கேட்குமா?

மறுபடி அடித்தாள். மறுபடி.

"என்னா அண்ணி, அண்ணன் வுட்டுட்டு ராக்கெட்டுல பறந்துட்டாரா?"

ஆட்டோக்காரன் பாவாடை. பல் குத்திக்கொண்டே ஆட்டோவில் சாய்ந்திருந்தான். வாய் சும்மா இருக்காத ஆள்.

"பாத்தேன் அண்ணி, இப்பத்தான் இந்தப் பக்கமா போனாங்க. அண்ணன் கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் கும்புட்டுட்டேன், சாமி ஊர்வலம்னு நெனச்சி..."

அவள் முகத்தைப் பார்த்தான். பல்குச்சியைத் துப்பினான்.

"ஏறுங்க" என்றான். "எங்கன்னு போறப்ப சொல்லுங்க."

சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே போனான். பேச்சு நின்றுவிட்டது. பாவாடை பேச்சை நிறுத்தினதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

சரக்கு ரயில். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி. சாம்பல் படிந்த பெட்டிகளுக்கு முடிவே இல்லை. சிந்தாமணி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகளுக்கு இடையிலே வந்து வந்து மறைகிற எதிர்ப்பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ வெள்ளையாகக் கிடந்தது.

"பாவாடை, அது என்னாப்பா?"

"எதுண்ணி?"

"தண்டவாளத்துக்கு அந்தாண்ட. வெள்ளையா."

அவன் எட்டிப் பார்த்தான். 

கேட் பாதி எழும்பும்போதே குனிந்து ஓடினாள். தார் ரோட்டில் பீங்கான் சில்லுங்க, கோலம் போட்ட மாதிரி சிதறிக் கிடந்தன. மண்டியிட்டு ஒரு சில்லை எடுத்தாள். விளக்கின் மூக்கு. அடுத்ததை எடுத்தாள். விளக்கின் அடி. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் விளக்கு. தரையைத் தடவிப் பார்த்தாள்; ரத்தம் இல்லை.

"என்னாம்மா தேடுற?" கேட் கீப்பர் கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "குட்டி வண்டில போனாங்களே, அவங்க சரக்கா? தண்டவாளத்து மேல வண்டிய ஒரு தூக்கு தூக்கிப் போட்டுது. கூடை சாஞ்சிடுச்சு. சிரிச்சிக்கிட்டே கட்டிக்கிட்டுப் போனாங்க. எம்மாம் சத்தம்மா அது! நான் எக்ஸ்பிரஸ் வருதுன்னு நெனச்சேன்."

"தூக்கிப் போட்டுதா? பலமாவா?"

"பலம்னா, பின்னால இருந்தவரு ஒரு சாண் எழும்பி ஒக்காந்தாரு."

அந்த அடி, அந்த வளையத்தின் மேல் விழுந்த அடி. தட்டினாலே டொக்கென்று சொல்லும் வளையம்.

ஆட்டோ மறுபடி ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் கண்ணை மூடினாள். வளைவு தாண்டியதும் திறந்தாள். ஒரு இடத்தில் நாலு பேர் கும்பலாக நின்றார்கள். எட்டிப் பார்த்தாள். கரும்பு லாரியில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு இடத்தில் வாய்க்காலில் ஏதோ கவிழ்ந்து கிடந்தது. எருமை, சேற்றில் படுத்திருந்தது. வாயில் 'கொளஞ்சியப்பா, கொளஞ்சியப்பா' என்று ஊர்ச் சாமி பேரைத் தவிர வேறு சொல் வரவில்லை.

மங்கலம்பேட்டைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், புளியமரத்தடியில் காசியம்மாள் டீக்கடை. அதன் பெஞ்சியில் விருத்தகிரி உட்கார்ந்திருந்தார். கையில் டீ. பக்கத்தில் கூடைகள்.

ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள்.

"எங்க என் தம்பி?"

"நீ என்னா இங்க?" அவர் எழுந்துவிட்டார். "வூட்ல யாருக்கு என்னா?"

"என் தம்பி எங்கங்க?"

"வண்டியில அடியில ஏதோ கடகடன்னு சத்தம் வந்துது. எல்லாத்தையும் எறக்கிட்டு, காலி வண்டியா ஓட்டிப் பாத்துட்டு வரேன்னு மங்கலம்பேட்டை வரைக்கும் போயிருக்கான். இப்ப வந்துருவான். ஏன், என்னா?"

சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் முகம் முதலில் கறுத்தது.

"கெட்டதுன்னு யாரு சொன்னது? அந்த மண்ணு என்னா மண்ணு தெரியுமா?"

"என் கை சொல்லிச்சு."

 அவர் வார்த்த பீங்கானில் அவள் கை டொக்கென்று சொன்ன எதையும் அவர் மறுதட்டு தட்டிப் பார்த்ததே இல்லை. டீ கிளாஸைப் பெஞ்சியில் வைத்தார். வைத்த கை கிளாஸை விட மறந்து அப்படியே பிடித்திருந்தது.

"போனு! போனு போடுங்க!"

விருத்தகிரி கூடைக்குள் கையை விட்டு, வைக்கோலுக்கு நடுவிலிருந்து செல்போனை எடுத்தார். விமல்ராஜின் போன். "ஆட்டத்துல விழுந்துடும்னு எங்கிட்ட குடுத்தான்" என்றார். 

அப்போது கேட்டது.

தூரத்தில், மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து, அந்தச் சத்தம். காலையில் வாசலில் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் உள்ளே வேறொன்றும் சேர்ந்திருந்தது. கடகட, கடகட. எலும்பு உடைந்தவன் ஓடிவருகிற மாதிரி.

விருத்தகிரி துண்டை உருவிக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தார். "டேய்! நிறுத்..."

சிந்தாமணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது.

"வேணாம்! கைய காட்டாதீங்க!"

"வுடுடி! அவன் வரான்!"

"கைய காட்டுனா பயந்துபோயி பிரேக்க அழுத்துவான். திடீர்னு அழுத்துனா இன்ஜின் முன்னால பாயும்னு அவன்தான சொன்னான்? அந்தக் கெட்ட வளையத்துல மிச்சம் இருக்கிறது ஒரு சில்லு. அது தாங்குமா?"

விருத்தகிரி துண்டும் கையுமாக நின்றார்.

"ஒக்காருங்க" என்றாள். "பெஞ்சியில ஒக்காருங்க. டீ குடிங்க. அவன் போறப்ப எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. அவனா பாத்து, அவனா மெதுவா வந்து நிக்கட்டும்."

"நீ?"

"என்னப் பாத்தா என்னமோ ஏதோன்னு அங்கயே அழுத்திடுவான். நான் மறைஞ்சிக்கிறேன். பாவாடை, வண்டிய மரத்து ஓரமா தள்ளு."

ஆட்டோவுக்குப் பின்னால் குந்தினாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி வருகிறான். ஓடிப்போய்த் தடுக்க வேண்டியவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஒளிந்துகொண்டாள். என்னா கொடுமை பாத்தீங்களா கண்ணுங்களா.

ஆட்டோவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ரோடு தெரிந்தது. அவள் கண்ணுக்கு அந்தத் துண்டு ரோடுதான்.

கடகட. கடகட. கிட்ட வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே ஒரு பஸ்ஸின் ஹாரன், விடாமல். ஒதுங்கு ஒதுங்கு என்று கத்துகிற ஹாரன்.

"அண்ணே, சிரிங்க" என்று பாவாடை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. "கொஞ்சம் சிரிங்கண்ணே. எழவு வூட்டு மூஞ்சியா இருக்குது."

விருத்தகிரி சிரித்தாரோ என்னவோ, அவளுக்குத் தெரியாது. பெஞ்சியின் கால் ஓரமாக டீ சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அதுதான் தெரிந்தது.

ஹாரன் உச்சத்துக்குப் போனது. பஸ்ஸின் பெரிய டயர்கள் ஒன்று மாற்றி ஒன்று அந்தத் துண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடின. புழுதி. ஒன்றும் தெரியவில்லை. கடகட சத்தமும் கேட்கவில்லை.

சிந்தாமணி சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

புழுதி அடங்கியது. சல்லடை அளவு ஒரு சக்கரம், ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி உருண்டு வந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக. அதன் பின்னால் இன்னொரு சக்கரம். ஒரு செருப்புக் கால் தரையில் ஊன்றியது.

இன்ஜின் நின்றது.

அந்த அமைதியில், வண்டிக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மண்ணில் பொத்தென்று விழுந்தது. பாதி வளையம். இன்னொரு பாதி அதன் மேலேயே விழுந்தது. இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"மாமா, ஏதோ விழு..." என்று குனிந்தவன், ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வருகிற அக்காவைப் பார்த்தான். "யக்கா! நீ எங்க இங்க?"

"எறங்குடா."

"என்னாக்கா..."

"மொதல்ல அத வுட்டு எறங்குடா!"

இறங்கினான். முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அடுத்த குத்துக்குத் தூக்கின கையால் அவன் தலையை இழுத்துத் தோளில் அழுத்திக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"கவுத்து வெச்சிருக்கேன்னு சொன்னேனேடா."

"சொன்ன. நானும் பாத்தேன்க்கா. எது கவுந்திருக்குதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். எல்லாம் ஒண்ணு போலவே இருந்துச்சு. சரி, எதயும் கவுக்கலபோல, எல்லாம் நல்லதுதான்னு எடுத்துட்டேன்."

"கேக்கக் கூடாது?"

"நீ தோசை ஊத்திக்கிட்டு இருந்த. கேட்டா திட்டுவ."

காசியம்மாள் கரண்டியும் கையுமாகக் கடையை விட்டு வெளியே வந்து நின்றாள். விருத்தகிரி மண்ணில் குந்தி, உடைந்த வளையத்தை எடுத்தார். சுட்டது, துண்டில் வைத்துக்கொண்டார். உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பிள்ளை தப்பு செய்ததைப் பார்க்கிற தகப்பன் மாதிரி பார்த்தார்.

"நிக்கிற வேல, குதிக்கிற வேலன்னு நீ சொன்னியே மாப்ள" என்றார். "நான்தான் கேக்கல."

"வுடுங்க மாமா. நானும் பயந்துக்கிட்டேதான் முறுக்குனேன். உங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வேணாம்னு..."

"போதும்" என்றாள் சிந்தாமணி. "ஆளுக்கு ஒரு பங்கு. என் பங்கும் அதுல இருக்குது. ரெண்டு பேரும் உசுரோட நிக்கிறீங்க. இனிமே இந்த வண்டில யாரும் ஏற வேணாம். சரக்க ஆட்டோல கொண்டுபோவலாம்."

"கார்த்திகைக்கு நான் பாதி வாடகை" என்றான் பாவாடை. அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "இந்தச் சுண்டெலி வண்டிய மட்டும் என் ஆட்டோல ஏத்தாதீங்க, அதுக்கு தனி சார்ஜு."

எல்லாருமே சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரிக்கிற சிரிப்பு. விமல்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

சிந்தாமணிதான் முதலில் கவனித்தாள். அவன் மாமா கையில் இருந்த சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"என்னாடா? எங்கனா அடிபட்டுதா?"

"இல்லக்கா." மாமா பக்கம் திரும்பினான். "மாமா, இந்த ஆறுக்கு முன்னால, மொத தபா நாலு வளையம் வார்த்தீங்களே."

"அது அளவு தப்புடா. பதம் பாக்குறதுக்காகச் சும்மா வார்த்தது. சிந்தா சொந்தக்காரங்க வூட்டு காதுகுத்துக்குப் போயிருந்தப்ப சுட்டேன். மூலையில போட்டேன்."

"நான் எடுத்துக்கிட்டேன் மாமா."

"எடுத்து?"

"கம்மாபுரத்துல கலியமூர்த்தி அண்ணன் இருக்காரு இல்ல, பால்காரரு. நெலக்கரி சுரங்கத்துக்கு நெலம் போச்சே, அவரு. அவரும் இந்த மாதிரி குட்டி வண்டிதான் வெச்சிருக்காரு. பால் கேனோட மேடு ஏற மாட்டேங்குதுன்னு எங்கிட்ட வந்தாரு. நான்தான் பெரிய இன்ஜின் வெச்சிக் குடுத்தேன். அவருக்கும் ரப்பர் உருகுச்சு. அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் தேய்ச்சி உக்கார வெச்சி..."

விருத்தகிரி சில்லோடு நிமிர்ந்தார்.

"தேய்ச்சியா?" என்றார் விருத்தகிரி மெல்ல. "சுட்ட பீங்கான அரத்தால தேய்ச்சியா? விரிசல் வுட்டுடுமேடா."

விமல்ராஜ் தலையை ஆட்டினான்.

"அதயெல்லாம் யாரு தட்டிப் பாத்தது?" என்று கேட்டாள் சிந்தாமணி.

 பதில் அவளுக்கும் தெரியும்.

"போனு போட்டுச் சொல்லுடா."

"அவங்க வூட்ல போனு இல்லக்கா. மத்தியானக் கறவை முடிஞ்சதும் கெளம்பிடுவாரு. அந்தச் சுரங்க லாரி ரோட்டுலதான் போவாரு." அவன் தலையில் கை வைத்தான். "சின்னக் கேன மடியில வெச்சிக்கிட்டு அவரு சம்சாரமும் பின்னால ஒக்காரும்."

சிந்தாமணி அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள். புளியமரத்து நிழல் காலடிக்குச் சுருங்கியிருந்தது.

மங்கலம்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கூடையில் விளக்குகள் இருந்தன. போன வருஷம் திரும்பி வந்த கூடை இந்த வருஷமும் நேரத்துக்குப் போய்ச் சேரப் போவதில்லை. விருத்தகிரி ஒரு தடவை கூடைகளைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

"காசியம்மா, இதுங்கள உள்ள எடுத்து வையி" என்றார். "யாரு வந்து கேட்டாலும் குடுத்துடு."

மூன்று பேரும் ஏறினார்கள். பாவாடை எதுவும் கேட்காமல் ஆட்டோவைத் திருப்பினான், வந்த வழியே, விருத்தாசலம் தாண்டிக் கம்மாபுரத்துக்கு. சிந்தாமணிக்கு அந்தப் பால்காரர் பெண்டாட்டியின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஆனால் அவள் இந்நேரம் கேனை விளக்கிக் கவிழ்த்திருப்பாள், தலையை வாரிக்கொண்டிருப்பாள், புருஷனைப் பார்த்து 'கெளம்பலாமா' என்று கேட்கப் போகிறாள் என்பது மட்டும் கண்ணுக்கு நேரே தெரிந்தது. கொஞ்சம் முன்னால் தனக்காகச் சாமியைக் கூப்பிட முடியாமல் வறண்டு கிடந்த வாய், இப்போது அந்த முகம் தெரியாதவளுக்காகக் கூப்பிட ஆரம்பித்தது. மாடு இன்றைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கட்டும், கறவை தாமதமாகட்டும் என்று.

நீங்களும் அந்தப் பொம்பளைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள் கண்ணுங்களா. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்களா இல்லையா, அடுத்த வாரம் சொல்கிறேன்.

உங்க வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போனவங்க அத்தனை பேரும், போன கால் போன கையோடு, பொழுது சாய்கிறதுக்குள் வாசப்படி மிதிக்கட்டும். அவங்க வருகிற வண்டி சொன்ன இடத்தில் நிற்கட்டும். உலையில் போட்ட அரிசி எல்லாருக்கும் சேர்த்து வேகட்டும். ஒரு தட்டுகூட காத்துக் கிடக்க வேண்டாம். உங்க வீடு நல்லா இருக்கட்டும், நிறைஞ்சு இருக்கட்டும்.